பிரையனைப் பார்த்துச் சிரிக்கலாமா?



"லைஃப் ஆஃப் பிரையன்" என்ற பழைய ஆங்கில நகைச்சுவைப் படத்தை நம் வாலிபர் ஐக்கியத்தில் போட்டுப் பார்த்து, அதைப் பற்றிப் பேசலாமா என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். "இயேசுவைக் கேலி பண்ணுகிற படமாச்சே, அதைச் சபைக்குள் எப்படிப் போடுவது?" என்று பெரியவர்களில் சிலர் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. பிள்ளைகள் பார்த்தது பள்ளி நண்பர்கள் போனில் காட்டிய இரண்டு நிமிடத் துண்டுகள். பெரியவர்களிடம் இருப்பது கேள்விப்பட்ட செய்தி. நான் படத்தை முழுதாகப் பார்த்திருக்கிறேன். பார்க்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் தனித்தனியாக அறைக்குள் பார்க்காமல், சேர்ந்து பார்க்க வேண்டும். வலிக்கிற இடத்தில் வலிக்கிறது என்று சொல்லவும் வேண்டும்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். "மான்ட்டி பைத்தன்" என்ற நகைச்சுவைக் குழு 1979ல் வெளியிட்ட படம் இது. இயக்கியவர் டெரி ஜோன்ஸ். பிரையன் என்ற இளைஞனாக நடித்தவர் கிரகாம் சாப்மன். இயேசு பிறந்த அதே இரவில் பக்கத்துத் தொழுவத்தில் பிறக்கிறான் பிரையன். சாஸ்திரிகள் முதலில் தவறுதலாக அவன் வீட்டுக்குள் வந்து காணிக்கையை வைத்துவிட்டு, பிறகு திரும்ப வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அவன் வளர்ந்தபின் ரோமருக்கு எதிரான ஒரு கூட்டத்தில் சேருகிறான். போர்ச்சேவகரிடமிருந்து தப்பிக்க ஏதோ உளறுகிறான். அதைக் கேட்ட ஜனங்கள் இவன்தான் மேசியா என்று பின்னாலேயே ஓடுகிறார்கள். "நான் மேசியா இல்லை" என்று அவன் எவ்வளவு கத்தினாலும் விடுவதாயில்லை. கடைசியில் சிலுவையில் அறையப்படுகிறான்.

நம்மில் பெரியவர்கள் பார்த்து வளர்ந்த "பென்ஹர்", "குவோ வாடிஸ்", "தி ரோப்" போன்ற பிரமாண்டமான ரோமப் படங்களைத்தான் இந்தப் படம் முதலில் கிண்டல் செய்கிறது. 1959ல் வந்த "பென்ஹர்" படத்தில் ஆண்டவரின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். பிரிட்டிஷ் தணிக்கை வாரியமும் தொடக்க காலத்தில் கிறிஸ்துவின் உருவத்தைத் திரையில் காட்ட அனுமதிக்கவில்லை. அந்தப் பயபக்தியான படங்களில் வருகிற தூண்களும் தேர்களும் கூட்டமும் அப்படியே பிரையன் படத்திலும் வருகின்றன. டுனீசியாவில் மொனாஸ்டிர் என்ற ஊரில், செஃபிரெல்லி "ஜீசஸ் ஆஃப் நாசரேத்" தொடருக்காகப் போட்ட செட்டுகளிலேயே இதைப் படமாக்கினார்கள். பணம் போடுவதாக இருந்த இ.எம்.ஐ. நிறுவனம், கதையைப் பார்த்த பிறகு கடைசி நேரத்தில் பின்வாங்கியது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தன் சொத்தை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார்.

அதே 1979ல் வேறொரு படமும் வெளிவந்தது. லூக்கா சுவிசேஷத்தை வைத்து எடுக்கப்பட்ட "இயேசு" படம். ஊரில் ஆலய வளாகத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்துத் தமிழில் போட்டுக் காட்டிய படம். நம்மில் பலர் மண்ணில் உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதிருக்கிறோம். அதில் ஆண்டவராக நடித்த ஆங்கில நடிகரின் பெயர் என்ன தெரியுமா? பிரையன் டீக்கன்! ஒரே ஆண்டில் ஒரு பிரையன் நம்மை அழவைத்தார், இன்னொரு பிரையன் இந்த நாட்டைச் சிரிக்கவைத்தார்.

பிரையன் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? இதுதான் முக்கியமான கேள்வி. ஆண்டவர் இந்தப் படத்தில் சிறிது நேரமே வருகிறார். மலைப்பிரசங்கக் காட்சியில் கென்னத் கோலி என்ற நடிகர் அவராக நடிக்கிறார். அந்த வார்த்தைகளை ஒரு கேலியும் இல்லாமல் மரியாதையாகச் சொல்கிறார். காமிரா மெல்லப் பின்னால் நகர்ந்து கூட்டத்தின் கடைசி வரிசைக்கு வருகிறது. அங்கே நிற்கிறவர்களுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. சமாதானம் பண்ணுகிறவர்களைப் பற்றிச் சொன்னது, சீஸ் செய்கிறவர்களைப் பற்றி என்று அவர்கள் காதில் விழுகிறது. உடனே அதற்கு ஒருவர் விளக்கவுரை கொடுக்கிறார். இன்னொரு பக்கம் மூக்கைப் பற்றிச் சண்டை வந்து கைகலப்பில் முடிகிறது. சமாதானத்தைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்க வந்த இடத்திலேயே அடிதடி! ஆராதனை முடிந்து கார் நிறுத்துகிற இடத்தில் நடக்கிற வாக்குவாதம் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

பிரையன் பின்னால் ஓடுகிற கூட்டம் அவன் கையிலிருந்த சுரைக்காய்க் குடுக்கையைப் புனிதப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஓடும்போது அவன் செருப்பு ஒன்று கழன்று விழுகிறது. உடனே குடுக்கைதான் அடையாளம் என்று ஒரு கட்சி, செருப்புதான் அடையாளம் என்று இன்னொரு கட்சி. ஐந்து நிமிடத்துக்குள் சபை பிரிந்துவிடுகிறது. லண்டனில் தமிழ்ச் சபைகளின் வரலாறு தெரிந்தவர்கள் இதைப் பார்த்து யாரோ வேறு மதத்தாரைப் பற்றிய கதை என்று சொல்ல முடியாது. ரோமரை எதிர்க்கிற இயக்கங்கள் ஒன்றையொன்று ரோமரைவிட அதிகமாக வெறுக்கிற காட்சியும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அதன் கசப்பை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சிரிப்பு நம் மொழிக்குப் புதிதும் இல்லை. வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் பெஸ்கி பாதிரியார், 18ஆம் நூற்றாண்டில் "பரமார்த்த குருவின் கதை" எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். குரு சொன்னால் போதும், யோசிக்கவே மாட்டார்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்ப்பார்கள். அக்கரைக்குப் போனபின், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைப்பார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குவார்கள். அங்கே பூசணிக்காய், இங்கே சுரைக்காய்! இந்தக் கதை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822ல் அச்சானது இதே லண்டன் மாநகரில்தான். குருவையும் சீடரையும் கிண்டல் செய்து எழுதியவர் ஒரு கிறிஸ்தவ ஊழியக்காரர். அதைப் படித்து யாரும் விசுவாசத்தை இழந்ததில்லை. புத்தியில்லாத பக்தி எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படித்துக்கொண்டார்கள்.

வேதாகமத்திலும் சிரிப்பு உண்டு. கர்மேல் மலையில் எலியா பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பரியாசம் செய்ததை 1 இராஜாக்கள் 18ல் வாசியுங்கள். ஏசாயா 44ல், ஒரே மரத்தின் ஒரு பாதியில் சமைத்துவிட்டு மறு பாதியைத் தெய்வமாக்குகிறவனைத் தீர்க்கதரிசி எப்படிக் கிண்டல் செய்கிறார் என்று பாருங்கள். ஆண்டவரும் கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்களைப் பற்றிப் பேசினார். கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் துரும்பை எடுக்கப் போகிறவனைப் பற்றியும் பேசினார். அதைக் கேட்ட கலிலேயா ஜனங்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நாம்தான் அந்தப் பகுதிகளைச் சோகமான குரலில் வாசித்துப் பழகிவிட்டோம்.

நம் எட்மண்டனுக்கே இதில் ஒரு பங்கு உண்டு. இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றி நாம் தமிழில் பாடுகிற பாட்டின் ஆங்கில மூலத்தை எழுதியவர் வில்லியம் கூப்பர். மனச்சோர்வு நோயால் வாழ்நாள் முழுதும் அவதிப்பட்டவர். ஒரு மாலையில் தோழி ஒருவர் அவரைத் தேற்றுவதற்காகச் சொன்ன வேடிக்கைக் கதையை வைத்து, 1782ல் "ஜான் கில்பின்" என்ற சிரிப்புப் பாட்டை எழுதினார். திருமண நாளைக் கொண்டாட எட்மண்டனிலுள்ள பெல் விடுதிக்குக் குதிரையில் வருகிற வியாபாரி, குதிரை நிற்காததால் விடுதியைத் தாண்டி வேர் நகரம் வரைக்கும் ஓடிப்போகிற கதை. ஃபோர் ஸ்ட்ரீட்டில் "கில்பின்ஸ் பெல்" என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். சிலுவையின் இரத்தத்தைப் பாடிய அதே கைதான் அந்தச் சிரிப்பையும் எழுதியது. இரண்டும் அவருக்குத் தேவைப்பட்டன.

இனி, 1979ல் சபைகள் என்ன செய்தன என்று பார்ப்போம். படத்துக்குத் தணிக்கை வாரியம் பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தது. ஆனால் பல இடங்களில் கிறிஸ்தவ அமைப்புகள் உள்ளூர் மன்றங்களுக்கு எழுதி அழுத்தம் கொடுத்தன. 39 மன்றங்கள் படத்தைத் தடை செய்தன, அல்லது பெரியவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தன. பார்க்காமலே தடை செய்த மன்றங்களும் உண்டு. நார்வே தடை செய்தது. உடனே பக்கத்து நாடான ஸ்வீடனில், நார்வே தடை செய்யும் அளவுக்குச் சிரிப்பான படம் என்று விளம்பரம் போட்டார்கள்! வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித் ஊரில் படம் தடை செய்யப்பட்டதாகவே பல ஆண்டுகள் நம்பப்பட்டது. படத்தில் பிரையனின் காதலியாக நடித்த சூ ஜோன்ஸ் டேவிஸ் பிறகு அதே ஊரின் மேயரானார். 2009ல் அங்கே படம் திரையிடப்பட்டது.

1979 நவம்பர் 9 அன்று பிபிசி தொலைக்காட்சியில் ஒரு விவாதம் நடந்தது. ஒரு பக்கம் ஜான் கிளீஸும் மைக்கேல் பேலினும். மறு பக்கம் சதர்க் பேராயர் மெர்வின் ஸ்டாக்வுட்டும் எழுத்தாளர் மால்கம் மகரிட்ஜும். மகரிட்ஜ் இளமையில் கேரளத்தில் ஆலுவா கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், அன்னை தெரேசாவை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். நமக்கு மதிப்புள்ள மனிதர். ஆனால் அன்றைக்கு இருவரும் எதிரே இருந்தவர்களின் பதிலைக் கேட்கவில்லை. படத்தின் தொடக்கத்தை அவர்கள் தவறவிட்டுவிட்டார்கள், அதனால் பிரையன் வேறு, இயேசு வேறு என்பதே அவர்களுக்குப் புரியவில்லை என்று பைத்தன் குழுவினர் பிற்பாடு சொன்னார்கள். பேராயர் முடிவில், உங்களுக்கு முப்பது வெள்ளிக்காசு கிடைக்கும் என்ற பொருளில் பேசி முடித்தார். இன்று அந்த விவாதத்தைப் பார்க்கிற இளைஞர்கள் யார் பக்கம் சாய்வார்கள்? பொறுமையாகப் பதில் சொன்ன நகைச்சுவைக்காரர்கள் பக்கம்தான். நம் பக்கத்தார் சிலுவையைக் கையில் வைத்திருந்தும், கேட்கிற காதைக் கொண்டுவரவில்லை.

"வேறு மதத்தைப் பற்றி இப்படி ஒரு படம் எடுப்பார்களா?" என்று ஒரு கேள்வி நம் சபையில் எப்போதும் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் "பராசக்தி" 1952ல் கோவில் பூசாரியைத் தோலுரித்தபோது நம் வீடுகளில் கைதட்டினோம். விவேக் சாமியார்களையும் மூடநம்பிக்கையையும் கிண்டல் செய்தபோது விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்தவர் வீட்டுச் சாமியைப் பற்றிய சிரிப்பு நகைச்சுவை, நம் வீட்டைப் பற்றியது தேவதூஷணம் என்றால் அது நீதியான தராசு இல்லை.

தடை கேட்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2006ல் "டாவின்சி கோட்" படத்துக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இலங்கையில் கத்தோலிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதால் அரசு அதே படத்தைத் தடை செய்தது. அன்று நமக்குச் சந்தோஷமாக இருந்திருக்கலாம். ஆனால் 2023ல் அதே இலங்கையில் பௌத்தத்தைப் புண்படுத்தியதாக நட்டாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞர் கைதானார். அதே ஆண்டு அதே விதமான குற்றச்சாட்டில் ஒரு கிறிஸ்தவப் போதகரும் கைதானார். மனம் புண்பட்டது என்பதற்காக அரசின் கையில் கொடுக்கிற கோல், பெரும்பான்மையின் கையில்தான் கடைசியில் போய்ச் சேரும். இங்கிலாந்தில் தேவதூஷணச் சட்டம் 2008ல் நீக்கப்பட்டது. அது இருந்த காலத்தில் கிறிஸ்தவத்துக்கு மட்டுமே பாதுகாப்புக் கொடுத்தது. பல மதத்தார் அக்கம்பக்கத்தில் வாழ்கிற எட்மண்டனில், அப்படி ஒரு சலுகை நமக்கு வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

இனி வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். படத்தின் கடைசியில் சிலுவைகளில் தொங்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து விசிலடித்துப் பாடுகிறார்கள். எரிக் ஐடில் எழுதிய அந்தப் பாட்டு இன்றைக்கு இந்த நாட்டில் அடக்க ஆராதனைகளிலேயே பாடப்படுகிறது. 1982ல் ஃபாக்லாந்து போரில் எச்.எம்.எஸ். ஷெஃபீல்டு கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டு எரிந்தபோது, உதவிக்குக் காத்திருந்த மாலுமிகள் அதைப் பாடினார்கள். சாவின் முன் சிரிப்பதை நான் ஒருபோதும் இழிவாகச் சொல்ல மாட்டேன். நர்ஸ் வேலையில் தினமும் பார்க்கிறேன். சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளி தன் நிலையைப் பற்றி ஜோக் அடிப்பார். நாங்களும் கூடச் சிரிப்போம். அது அவருடைய உரிமை. எங்கள் வேலையில் எழுதாத ஒரு விதி உண்டு: நோயாளியோடு சிரிக்கலாம், நோயாளியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. இந்த அளவுகோலால் பார்த்தால், படத்தில் சிலுவையில் இருக்கிறவர்களே பாடுகிறார்கள். கீழே நிற்கிற சேவகர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆனாலும் எனக்கு வலிக்கிறது. ரோமரின் சிலுவை, ஒரு மனிதனை எல்லார் முன்னாலும் நிர்வாணமாக்கி, மெல்ல மெல்லச் சாகவிட்ட கொடுமை. தாகமும் மூச்சுத்திணறலும் வலியும் என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு, அதன்மேல் ஒரு ஜாலியான மெட்டு வருவது எளிதாக விழுங்கக்கூடியது இல்லை. அந்தப் பாட்டின் செய்தியும் நம் விசுவாசத்துக்கு நேர் எதிரானது. வாழ்க்கைக்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை, ஆகவே சிரித்துக்கொண்டே போய்விடு என்கிறது. லூக்கா 23ல் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் வேறொன்று செய்தான். தன்னை நினைத்தருளும்படி ஒருவரிடம் கேட்டான். பதிலும் பெற்றான். சாகிற மனிதனுக்குச் சிரிப்பு போதுமா, அவனை நினைக்கிற ஒருவர் வேண்டுமா? படம் நம்மிடம் கேட்கிற மெய்யான கேள்வி இதுதான். இதற்கு நம் பிள்ளைகளிடம் பதில் இருக்க வேண்டும். தடை போட்டால் பதில் வராது.

இன்னொரு காட்சி. குணமான ஒரு குஷ்டரோகி தெருவில் குதித்துக் குதித்துப் போகிறான். நோய் போனதால் பிச்சை எடுக்கிற பிழைப்பும் போய்விட்டது என்று, குணமாக்கினவரையே திட்டுகிறான். பலருக்கு இது மிகவும் புண்படுத்துகிற காட்சி. எனக்கோ லூக்கா 17ல் வருகிற பத்துப் பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன். திரும்பாத ஒன்பது பேரில் ஒருவனைத்தான் இந்தப் படம் காட்டுகிறது! வார்டில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களைப் பார்க்கிறேன். உடம்பு தேறிவிட்டது, ஆனால் வேலை இல்லை, வாடகை கட்ட வழியில்லை, வீட்டில் பார்க்க ஆள் இல்லை. குணமான பின்னும் ஒரு மனிதனுக்கு வாழ்வு வேண்டும். சபை அவனுக்கு என்ன செய்கிறது என்று அந்தக் கோமாளி நம்மைக் கேட்கிறான்.

கடைசியாக ரோமாபுரியிலிருந்து ஒரு செய்தி. பாலத்தீன் குன்றில் ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் 1857ல் ஒரு கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. சுமார் கி.பி. 200ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். சிலுவையில் ஒரு உருவம், அதற்குக் கழுதைத் தலை. கீழே ஒருவன் கையை உயர்த்தி வணங்குகிறான். அலெக்ஸாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான் என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. சிலுவையைக் காட்டுகிற மிகப் பழைய படங்களில் ஒன்று நம்மைக் கேலி செய்ய வரைந்த படம்! பக்கத்து அறைச் சுவரில் வேறு கையெழுத்தில், அலெக்ஸாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்று இருந்தது. யார் எழுதினார்கள் என்று தெரியாது. ஆனால் கேலிப் படத்தைச் சுரண்டி அழிக்கவில்லை, வரைந்தவனை அடிக்கவும் ஆள் தேடவில்லை. இரண்டு வார்த்தைகளில் பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். முள்முடியும் சிவப்பு அங்கியும் தலைக்கு மேல் பலகையும் வைத்து ஆண்டவரை முதலில் கேலிப்பொருளாக்கியவர்கள் ரோமச் சேவகரே. அந்தச் சிரிப்பைத் தாங்கிய விசுவாசம், ஒன்றரை மணி நேரப் படத்தில் உடைந்துபோகாது.

ஆகவே மூப்பர்களுக்கும் வாலிபர் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்குங்கள். படத்தில் நிர்வாணக் காட்சியும் கெட்ட வார்த்தைகளும் உண்டு. ஆகையால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அழைக்க வேண்டாம், வர விருப்பமில்லாதவர்களைக் குறை சொல்லவும் வேண்டாம். படத்துக்கு முன் மாற்கு 15ஐ முழுதாகச் சத்தமாக வாசியுங்கள். படம் முடிந்தபின் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். எங்கே சிரித்தீர்கள், எங்கே கோபம் வந்தது, எங்கே நம் சபையின் முகம் தெரிந்தது என்று கேளுங்கள். பெற்றோரும் வாருங்கள். உங்கள் கோபத்தையும் பிள்ளைகள் கேட்கட்டும், பிள்ளைகளின் சந்தேகத்தை நீங்களும் கேளுங்கள். வீட்டில் கேட்க முடியாத கேள்வியைப் பிள்ளைகள் போனிடம் கேட்கிறார்கள். அதைச் சபையில் நம்மிடமே கேட்க ஒரு இடம் கொடுப்போம்.